வயலில் பயிரோடு மரமும் வளர்க்கும் வேளாண் காடுகள் திட்டத்தால் உழவருக்கும் நிலத்துக்கும் பலன் கிடைத்ததா என்று எப்படி மதிப்பிடுவது?

எத்தனை மரக்கன்று கொடுத்தார்கள் என்ற கணக்கை முதலில் ஒதுக்குங்கள். மூன்றாம் ஆண்டில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்பதே என் முதல் கேள்வி. பலனைக் கணக்கிட, நடுவதற்கு முந்தைய நிலவரம் பதிவாகியிருக்க வேண்டும். திட்டத்தில் சேராத, அதே மண்ணும் பாசனமும் உள்ள பக்கத்து வயலும் ஒப்பிடக் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் நல்ல மழையின் பலனைத் திட்டத்தின் பெயரில் எழுதிவிடுவோம்.

சென்னையில் கட்டடச் சாரத்துக்குக் கட்டும் சவுக்குக் கழியைப் பாருங்கள். அது வெட்டுக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். தேக்குக்கோ இருபதுக்கும் மேல். அதுவரை அந்த உழவர் குடும்பம் எதை வைத்துச் சாப்பிட்டது? நிழலால் ஊடுபயிர் விளைச்சல் எவ்வளவு குறைந்தது? குத்தகைதாரருக்கு மரத்தில் பங்கு உண்டா? இவற்றை வீட்டுக்கே போய், பெண்களிடமும் கேட்க வேண்டும்.

மக்கிய இலைதழையால் மண்ணில் சேரும் கரிமச் சத்து மெதுவாகவே மாறும். ஒரே ஆண்டில் உயர்ந்ததாகச் சொல்லும் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.