ரயில் மாதிரிகள் வைத்திருக்கும் கனமான கண்ணாடி அலமாரியைச் சுவரில் மாட்டலாமா? எத்தனை ஸ்க்ரூ போட்டால் தாங்கும்?

கேள்வி கேட்டவர் எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு இருக்கும் ரயில் மாதிரிகள் சேகரிக்கிறார். ஐம்பது அறுபது கிலோ வரும் கண்ணாடி அலமாரியைப் புது ஃபிளாட்டின் ஹால் சுவரில் மாட்ட வேண்டுமாம். ஸ்க்ரூ எண்ணிக்கை அப்புறம் இருக்கட்டும். உங்கள் சுவர் எந்தக் கல்லால் கட்டியது? அது தெரியாமல் யார் என்ன எண்ணிக்கை சொன்னாலும் நம்பாதீர்கள்.

புது ஃபிளாட் என்று எழுதியிருப்பதால் உங்கள் உள்சுவர் நாலு இஞ்ச் ஏஏசி கல்லாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். வெள்ளையாக, எடை குறைவாக, உள்ளே நுண்ணிய காற்றறைகளோடு இருக்குமே, அந்தக் கல். ஒரு கன மீட்டர் 550 முதல் 650 கிலோதான் வரும். கான்கிரீட் அதே அளவுக்கு 2400 கிலோ. கட்டடத்தின் பாரத்தைக் குறைக்க நல்ல கல்தான், நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் செங்கல் சுவரில் மாட்டுவது போல அதில் மாட்டக் கூடாது.

பெரம்பூரில் வாடகைக்கு இருந்த வீடு பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. சுவர் ஒன்பது இஞ்ச் செங்கல். அங்கே என் அலமாரி வருடக்கணக்கில் தொங்கியது, ஒரு அசைவு கிடையாது. அப்புறம் ஓ.எம்.ஆர். பக்கம் ஃபிளாட் வாங்கிப் போனோம். அலமாரியைப் புதிதாகச் செய்து கொடுத்த கடையே மாட்டிக் கொடுக்க ஆள் அனுப்பியது. வந்தவர் நான்கு மூலையில் நான்கு ஃபாஸ்ட்னர் அடித்து முறுக்கினார். "இது என்ன சுவர் தம்பி, டிரில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குதே" என்று கேட்டேன். "புதுக் கட்டடம் எல்லாம் இப்படித்தான் சார். ஆளே தொங்கலாம்" என்றார்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் ஒரு நாள் விடியற்காலை அலமாரி விழுந்தது. ஹாலில் யாரும் படுத்திருக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. கீழ்த்தட்டில் இருந்தது என் நண்பர் பிளாஸ்டிக் தகடு வெட்டிக் கையால் செய்து கொடுத்த வைகை எக்ஸ்பிரஸ். 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜில் ஓட ஆரம்பித்த அந்தப் பழைய வைகை. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒட்டியிருந்தார். கடையில் காசு கொடுத்து வாங்கியதாக இருந்தால் இன்னொன்று வாங்கியிருப்பேன். இதற்கு மாற்று எங்கே இருக்கிறது?

அதைவிட வலித்தது வந்தவர்கள் சொன்னது. கடைக்காரர், மாட்டியவர், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு: "வெயிட் ஜாஸ்தி. இவ்வளவு ரயிலை அடுக்கினால் விழாமல் என்ன செய்யும்?" இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த வாக்கியத்தால்தான். எடை அதிகமாகி அது விழவில்லை.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். என் அலமாரி 120 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம், 12 செ.மீ. ஆழம். கண்ணாடி ஒரு மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. முன்பக்கத் தள்ளு கதவு 5 மி.மீ. கண்ணாடி என்றால் அதுவே 13 கிலோவைத் தாண்டும். உள்ளே 6 மி.மீ. கண்ணாடித் தட்டுகள் ஏழும் சேர்ந்து 12 கிலோ. பிளைவுட் பெட்டி 14, 15 கிலோ. ஆக, ஒரு ரயில்கூட வைக்காமலே 40 கிலோ. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய ரகப் பயணிகள் பெட்டி நிஜத்தில் 21.3 மீட்டர் நீளம், 1:87-ல் 24.5 செ.மீ. வருகிறது. ஒரு தட்டில் வரிசைக்கு நான்கு, இரண்டு வரிசை. எல்லாத் தட்டும் நிறைந்தாலும் எஞ்சின்களைச் சேர்த்துப் பதினைந்து கிலோவுக்குள் அடங்கிவிடும். அலமாரி விழுந்தால் எல்லோரும் ரயிலைத்தான் திட்டுகிறார்கள், ஆனால் எடையில் பெரும்பங்கு கண்ணாடியும் பலகையும்தான். எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் கதவை அக்ரிலிக்கில் போடுங்கள், பாதிக்கும் குறையும். ஆனால் அக்ரிலிக்கில் கீறல் விழும், துடைக்கத் துடைக்கத் தூசியை இழுக்கும். நான் கண்ணாடியோடுதான் இருக்கிறேன்.

அடுத்தது ஆழம். அலமாரி கீழ்நோக்கி இழுப்பதோடு நிற்பதில்லை, மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கவும் பார்க்கும். அந்தப் பிடுங்கும் விசை ஆழத்தைப் பொறுத்தது. 55 கிலோ, 12 செ.மீ. ஆழம் என்றால் எடையின் மையம் சுவரிலிருந்து 6 செ.மீ. தள்ளி இருக்கும். மேல் ஸ்க்ரூவுக்கும் அலமாரியின் அடிக்கும் 85 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். மேலே வெளியே இழுப்பது மொத்தமே நாலு கிலோ அளவுதான். அதே எடையை 40 செ.மீ. ஆழப் பெட்டியில் வைத்தால் பதின்மூன்று கிலோவை எட்டுகிறது, பெட்டி பெரிதாவதால் எடையும் கூடவே ஏறும். ஆகவே இரண்டு வரிசைக்கு மேல் ஆழம் வைக்காதீர்கள். அகலமாகப் போங்கள். திறக்கும் கதவை விடத் தள்ளு கதவு நல்லது. திறக்கும் கதவை விரித்தால் எடை முன்னால் வந்துவிடும்.

இவ்வளவு குறைந்த விசைக்கு ஏன் விழுந்தது? கீழே கிடந்த ஃபாஸ்ட்னர்களையும் சுவரில் இருந்த ஓட்டைகளையும் பார்த்தேன். ஒவ்வோர் ஓட்டையும் உள்ளே அகன்று, பொடிப் பொடியாக உதிர்ந்திருந்தது. இரும்பு ஃபாஸ்ட்னர் முறுக்க முறுக்க விரிந்து சுவரை நெருக்கித்தான் பிடிக்கும். கான்கிரீட் அந்த நெருக்கலைத் தாங்கும். ஏஏசி கல்லின் காற்றறைகள் நொறுங்கிவிடும். மாட்டும்போது இறுக்கமாகத்தான் தெரியும். கதவைத் தள்ளும் ஒவ்வொரு அசைவுக்கும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாகிக்கொண்டே போகும். டப்பாவில் போட்டிருக்கும் கிலோக் கணக்கு பெரும்பாலும் கான்கிரீட்டுக்கானது. அதைப் படித்துவிட்டு எந்தச் சுவரிலும் அடிப்பவர்கள்தான் அதிகம்.

உங்கள் சுவர் எது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். அலமாரி மறைத்துவிடும் இடத்தில் 6 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டு, விழும் தூளைப் பாருங்கள். முதலில் வருவது சிமெண்டுப் பூச்சு, 12 முதல் 15 மி.மீ. வரை, அதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல். மாவு போல வெள்ளையாக, சிரமமே இல்லாமல் வந்தால் ஏஏசி. சாம்பல் நிறத்தில் நறநறவென்று, டிரில் திணறினால் கான்கிரீட். சாம்பல் நிறத் தூள் வந்து திடீரென்று டிரில் வெற்றிடத்தில் விழுந்தால் ஹாலோ பிளாக். ஃபிளை ஆஷ் கல்லும் சாம்பல் நிறம்தான், ஆனால் அதில் வெற்றிடம் இருக்காது, கான்கிரீட் அளவுக்குத் திணறவும் வைக்காது.

செங்கல் என்றால் கவலையே இல்லை. 10 மி.மீ. நைலான் பிளக், பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் குறைந்தது 5 செ.மீ. போக வேண்டும். பூச்சுக்குள் இருக்கும் நீளம் கணக்கிலேயே சேராது. இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்தில் துளை விழுந்தால் கொஞ்சம் நகர்த்திப் போடுங்கள். ஓட்டையில் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றாமல் பிளக் அடிக்காதீர்கள். இந்த பிளக்குக்கே ஒரு கதை உண்டு. நூறு வருடங்களுக்கும் முன், பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவரைச் சேதப்படுத்தாமல் மின்சாதனங்களை மாட்ட வேண்டும் என்ற தேவைக்காக ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் செய்ததுதான் ரால்பிளக். இன்று நாம் பயன்படுத்தும் நைலான் வடிவத்தை 1958-ல் ஜெர்மனியில் ஆர்ட்டுர் ஃபிஷர் கொண்டுவந்தார். சுவரைக் காயப்படுத்தாமல் பிடிக்கத்தான் பிளக்கே பிறந்தது. நம் ஊரில் இன்னும் சிலர் மரக்கட்டையை வெட்டி ஓட்டையில் அடிக்கிறார்கள். மரம் காய்ந்தால் சுருங்கும். அதில் காலண்டர் மாட்டலாம், இதை மாட்டாதீர்கள்.

ஏஏசி என்றால் நான் செய்ததைச் சொல்கிறேன். சுவரின் மறுபக்கம் எங்கள் படுக்கையறை, அங்கே துணி அலமாரி இருக்கிறது. அதனால் சுவரை ஊடுருவியே துளை போட்டோம். ஹாமரை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில்தான் போட வேண்டும், ஹாமர் வைத்தால் மறுபக்கம் பெயர்ந்து விழும். 10 மி.மீ. திரெட் ராடு (முழு நீளத்துக்கும் மரை வெட்டிய கம்பி), படுக்கையறைப் பக்கம் 5 மி.மீ. தடிமனில் நீளமான பட்டை இரும்பு. வெல்டிங் பட்டறையில் வெட்டி வாங்கி ரெட் ஆக்சைடு அடித்தது. ஹால் பக்கம் 18 மி.மீ. பிளைவுட் ரீப்பர், அதாவது நீளச் சட்டம். இரண்டும் சுவரை நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்கின்றன. கல் நெருக்கலைத் தாங்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது, விசை பட்டை முழுக்கப் பரவுகிறது. நட்டை அளவாக முறுக்கினால் போதும். மறுபக்கம் மறைக்க வழி இல்லாதவர்கள் ஏஏசிக்கென்றே வரும் நீள நைலான் பிளக்கோ, ஓட்டையில் பசை நிரப்பிக் கம்பியைப் பிடிக்கவைக்கும் கெமிக்கல் ஆங்கரோ கேட்டு வாங்குங்கள், ஆனால் எண்ணிக்கையைத் தாராளமாக வையுங்கள். ஹாலோ பிளாக்குக்கும் கெமிக்கல்தான், பசை வெற்றிடத்தில் கொட்டிப் போகாமல் பிடிக்கும் வலைக்குழாயோடு சேர்த்து.

அந்த ரீப்பரின் மேல் விளிம்பை 45 டிகிரி சாய்வாக, சாய்வு சுவரைப் பார்க்கும்படி அறுக்கச் சொன்னேன். அலமாரியின் முதுகில் அதற்குப் பொருந்தும்படி தலைகீழாக இன்னொரு ரீப்பர். ரசமட்டம் வைத்துச் சுவர் ரீப்பரைப் பொருத்திவிட்டால், அலமாரியை இரண்டு பேர் தூக்கி அதன் மேல் இறக்கினால் போதும், தானே சுவரை நோக்கி இறுகிக்கொள்ளும். கீழேயும் அதே கனத்தில் ஒரு ரீப்பர் வைத்து, யாராவது தூக்கிவிடாமல் இருக்க ஒரு ஸ்க்ரூ. முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் 18 மி.மீ. காற்றோட்டம் கிடைக்கிறது. நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் அந்த இடைவெளி அவசியம். எந்த ஆசாரியிடமும் படம் வரைந்து காட்டினால் செய்துவிடுவார். என்னுடையதைச் செய்தவர் பார்த்ததும் புரிந்துகொண்டு, "இப்படி முன்னாலேயே கேட்டிருக்கலாமே சார், கிச்சன் கப்போர்டுக்கும் இதையே வைக்கலாம்" என்றார்.

"தரையில் நிற்கும் ஷோகேஸ் வாங்கினால் முடிந்தது, எதற்கு இந்தப் பாடு" என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள். ரயிலைப் பக்கவாட்டில், கண்மட்டத்தில் பார்க்க வேண்டும். குனிந்து மேலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும். அதோடு, சென்னை ஃபிளாட்டில் தரை யாருக்கு உபரியாக இருக்கிறது? இன்னொரு ஆட்சேபம், நான் கட்டடப் பொறியாளர் இல்லையே என்பது. இல்லைதான். மேலே சொன்ன கணக்கு பள்ளியில் படித்த நெம்புகோல் கணக்கு, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆனால் அலுமினியம் ஷட்டரிங் வைத்துச் சுவரையே கான்கிரீட்டில் வார்த்த கட்டடமாக இருந்தால், உள்ளே கம்பி போகிறது. அங்கே மட்டும் அசோசியேஷனிடமோ பில்டரிடமோ கேட்காமல் துளை போடாதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால், முதலில் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பெரம்பூர் வீட்டைக் காலி செய்தபோது துளைகளை எல்லாம் நானே கொத்தனார் வைத்து அடைத்து, பட்டி பார்த்து, அந்தச் சுவர் முழுக்கப் பெயிண்டும் அடித்துக் கொடுத்தேன். அப்படியும் "சுவர் டேமேஜ்" என்று ஒரு தொகை, "பெயிண்டிங் சார்ஜ்" என்று ஒரு மாத வாடகை, இரண்டையும் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள். 2017-ல் வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகை என்று ஒரு வரம்பு சொல்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுவே செல்லும் என்றும் வழி விட்டிருக்கிறது. வீடு தேடி அலைபவர் அந்த ஒப்பந்தத்தில் பேரம் பேசும் நிலையிலா இருக்கிறார்? வருடக்கணக்காக ஒழுங்காக வாடகை கொடுத்தவரிடம் ஆறு ஓட்டைக்குக் கணக்குப் பார்ப்பது நியாயமே இல்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மிச்சம் சில விஷயங்கள். வெளிச்சுவரைத் தவிர்த்துவிடுங்கள், வடகிழக்குப் பருவமழையில் ஈரம் ஊறும், சக்கரமும் அச்சும் துருப்பிடிக்கும். நேர் வெயில் விழும் சுவரும் வேண்டாம், பெயிண்ட் வெளுத்துவிடும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் வயர் பைப் போகும், குளியலறையை ஒட்டிய சுவரில் தண்ணீர்க் குழாய் போகும், அங்கெல்லாம் டிரில் வைக்காதீர்கள். கட்டிலுக்கு மேலே, தொட்டிலுக்கு மேலே எந்தச் சுவராக இருந்தாலும் மாட்டக் கூடாது. தட்டுகளில் 16.5 மி.மீ. தண்டவாளத் துண்டுகளை ஒட்டிவிட்டு அதன் மேல் பெட்டிகளை நிறுத்துங்கள், இரு முனையிலும் சிறு தடுப்பு வையுங்கள். வெறும் கண்ணாடியில் நிறுத்தினால், பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று சாத்தும் அதிர்வுக்கே எஞ்சின் உருண்டு போகும்.

கண்ணாடி ஆர்டர் கொடுக்கும்போது டஃபண்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி என்று சொல்லிக் கேளுங்கள், அளவைப் பெட்டி செய்து முடித்த பிறகு எடுத்துக் கொடுங்கள். டஃபண்ட் ஆனபின் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவு ஒரு மி.மீ. தவறினாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.