பழைய டிஎஸ்எல்ஆரா, பாக்கெட் கேமராவா? கேள்விகளும் பதில்களும்

பழைய தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரையும் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) சட்டைப் பையில் அடங்கும் காம்பாக்ட் கேமராவையும் ஒப்பிட்டு நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். சிலவற்றுக்கு நீளமாக, சிலவற்றுக்கு ஒரே வரியில்.

கேள்வி: உறவினர் ஒருவர் தன் நிக்கான் டி40-ஐ 18-55 லென்ஸோடு சும்மா தருகிறார். இன்னொரு பக்கம், பழைய சோனி ஆர்எக்ஸ்100 ஒன்று விலைக்கு வருகிறது. படத்தின் தரம் எதில் நன்றாக இருக்கும்? டிஎஸ்எல்ஆர்தானே சார்?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் இந்த இரண்டில் அது அவ்வளவு நேரான விஷயம் இல்லை.

டி40 வந்தது 2006-இல். 6 மெகாபிக்சல், சென்சார் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு) 23.7 x 15.6 மி.மீ., அதாவது சுமார் 370 சதுர மி.மீ. ஆர்எக்ஸ்100 வந்தது 2012-இல். 20 மெகாபிக்சல், சென்சார் 13.2 x 8.8 மி.மீ., சுமார் 116 சதுர மி.மீ. பரப்பில் டி40 மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. இதோடு நிறுத்திக்கொண்டால் டிஎஸ்எல்ஆர் ஜெயித்துவிட்டது.

ஆனால் சென்சாருக்கு வெளிச்சத்தைக் கொண்டுவருவது லென்ஸ். டி40-இன் கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்ந்து வரும் அந்த 18-55) அகலக் கோணத்தில், அதாவது ஜூம் செய்யாதபோது, எஃப்/3.5. எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். ஆர்எக்ஸ்100-இன் லென்ஸ் அதே கோணத்தில் எஃப்/1.8. ஒரு சதுர மி.மீட்டருக்கு விழும் வெளிச்சம் அதில் ஏறக்குறைய 3.8 மடங்கு அதிகம். 116-ஐ 3.8-ஆல் பெருக்கிப் பாருங்கள், 440 வருகிறது. மொத்தமாக உள்ளே போகும் வெளிச்சத்தில் பாக்கெட் கேமராதான் கொஞ்சம் முன்னே நிற்கிறது. அதற்கு மேல், அதன் சென்சார் ஆறு வருடம் புதியது. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியும் உண்டு. டி40-உடன் வந்த அந்த 18-55-இல் அது கிடையாது. ஆக, அறைக்குள், அசையாத பொருளை, அகலக் கோணத்தில் எடுத்தால் ஆர்எக்ஸ்100 படம்தான் நன்றாக இருக்கும்.

ஜூம் செய்ய ஆரம்பித்ததும் கதை மாறும். கடைசி முனையில் ஆர்எக்ஸ்100 எஃப்/4.9-க்கு இறங்கிவிடும், கிட் லென்ஸ் எஃப்/5.6-இல் நிற்கும். இப்போது அதே கணக்கைப் போட்டால் டிஎஸ்எல்ஆருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம் கிடைக்கிறது. முகங்களை நெருக்கமாக எடுப்பவர்களுக்கு இது முக்கியம்.

என் தீர்ப்பு: அந்தக் கிட் லென்ஸைக் கழற்றவே போவதில்லை என்றால் ஆர்எக்ஸ்100 வாங்குங்கள். வேறு ஒரு லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் டி40-ஐ விடாதீர்கள். எந்த லென்ஸ் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: பின்னணி மங்கலாக, முகம் மட்டும் பளிச்சென்று வர வேண்டும். கிட் லென்ஸில் எவ்வளவு முயன்றும் வரவில்லை. கேமரா பழசு என்பதாலா?

கேமராமீது பழி போடாதீர்கள். 55 மி.மீட்டரில் எஃப்/5.6 என்பது இதற்குப் போதாது. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை மாட்டிப் பாருங்கள். அதே கோணத்தில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஷட்டர் வேகத்தை 1/15 நொடி வைத்து ஆடிப்போன படம், 1/125 நொடியைவிட வேகமாகவே வைத்து நிலையாக எடுக்கும் படமாகிவிடும். பின்னணியும் நீங்கள் கேட்டபடி கரைந்துவிடும். வீட்டுக்குள் புழங்க 50 கொஞ்சம் நெருக்கமாகத் தெரியும். அறை சிறியது என்றால் 35 மி.மீ. எஃப்/1.8 எடுங்கள்.

பழைய டிஎஸ்எல்ஆரின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமராவுக்கு) வயதாகும். அதன் முன்னால் மாட்டும் லென்ஸ் மாற்றக்கூடியது. காம்பாக்டில் வாங்கிய அன்று இருந்த லென்ஸ்தான் கடைசிவரை.

கேள்வி: மேலே சொன்னதைப் படித்துவிட்டுப் பழைய 50 எஃப்/1.8டி லென்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். என் டி40-இல் வேலை செய்யுமா?

நல்லவேளை, வாங்கும் முன் கேட்டீர்கள். மாட்டலாம், படம் எடுக்கலாம், ஆட்டோஃபோகஸ் மட்டும் வராது. டி40, டி60, டி3000, டி3100, டி5000 போன்ற தொடக்கநிலை நிக்கான்களில் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்க வேண்டும். பெயரில் 'ஏஎஃப்-எஸ்' என்று இருக்கிறதா பாருங்கள்: 35 எஃப்/1.8ஜி (2009), 50 எஃப்/1.8ஜி (2011) இரண்டும் சரியாக வேலை செய்யும். வெறும் 'ஏஎஃப்' என்று மட்டும் இருந்தால் கையால்தான் திருக வேண்டும்.

கேனான்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஈஎஃப் லென்ஸ்கள் அனைத்திலும் மோட்டார் உள்ளேயே வருகிறது. 350டி, 400டி, 1000டி, எதில் வேண்டுமானாலும் மாட்டலாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது சாதாரண 16 மெகாபிக்சல் காம்பாக்ட். நண்பரின் கேனான் 1000டி வெறும் 10 மெகாபிக்சல். என்னுடையதுதானே உயர்ந்தது?

இல்லை. 2008-இல் வந்த அந்த 1000டி இதில் எளிதாக ஜெயிக்கும். சாதாரண காம்பாக்டுகளில் இருக்கும் சென்சார் சுமார் 6.2 x 4.6 மி.மீ.தான், சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. 1000டி-யின் சென்சார் பரப்பில் அதைப்போல ஏறக்குறைய 12 மடங்கு. இவ்வளவு வித்தியாசத்தை லென்ஸ் வைத்து ஈடுகட்ட முடியாது. வெயிலில் எடுத்துச் சின்னத் திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மாலையில் விளக்கு போட்ட பிறகு எடுத்து, தலைமுடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். காம்பாக்டில் முடி ஒரே திட்டாக அப்பியிருக்கும். குறைந்த வெளிச்சத்தில் படமெங்கும் தூவியதுபோல் வரும் புள்ளிகளை மறைக்கப் போய் நுணுக்கத்தையும் சேர்த்துத் துடைத்திருக்கும். 1000டி-யில் கொஞ்சம் புள்ளிகள் இருக்கும், ஆனால் முடி முடியாகவே தெரியும்.

6 மெகாபிக்சலே 10 அங்குல அகலத்துக்கு 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) தரத்தில் அச்சிடப் போதும். மெகாபிக்சலை ஒதுக்கிவிட்டு சென்சார் அளவைக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. ஒரு நொடி நிற்பதில்லை. எது வாங்கலாம்?

டிஎஸ்எல்ஆர், யோசிக்கவே வேண்டாம். அதில் ஃபோகஸுக்கென்றே தனி உணரி இருக்கிறது. எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று அளந்து லென்ஸை நேராக அங்கே கொண்டுபோகும். அந்தக் காலத்துக் காம்பாக்டுகள் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துத் தேடும்; அதற்குள் குழந்தை அடுத்த அறைக்குப் போயிருக்கும். அப்புறம் வியூஃபைண்டர். கண்ணாடி வழியே நேராகப் பார்ப்பதால் தாமதமே இல்லை. திரையில் தெரிவது எப்போதும் ஒரு கணம் பழையது.

டி40-இல் ஃபோகஸ் புள்ளிகள் மூன்றே மூன்றுதான். நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, தொடர் ஃபோகஸைப் போட்டு, கண்ணின் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். காம்பாக்ட்தான் கையில் இருக்கிறது என்றால், குழந்தை வரப்போகும் இடத்தில் பட்டனைப் பாதி அழுத்திக் காத்திருந்து, வந்ததும் முழுதாக அழுத்துங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: வீடியோ?

டி40, டி60, டி3000, 400டி, 1000டி, எதிலும் கிடையாது. வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆரே 2008-இல் வந்த நிக்கான் டி90. வீடியோ முக்கியம் என்றால் காம்பாக்ட் பக்கம் போங்கள்.

கேள்வி: பூச்சி, பூ, நாணயம் போன்றவற்றை நெருங்கி எடுக்க ஆசை. டிஎஸ்எல்ஆர் கிட்டவே போகவிடாமல் அடம்பிடிக்கிறது.

கிட் லென்ஸ் கால் மீட்டருக்குக் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது. பல சாதாரண காம்பாக்டுகள் சில சென்டிமீட்டர் தொலைவுவரை போகும், சிலது ஒரே சென்டிமீட்டர் வரைகூட. சென்சார் சிறியது என்பதால் பூச்சியின் தலையும் உடலும் சேர்ந்தே தெளிவாக வரும். சிறிய சென்சாரின் குறை இங்கே வரமாகிறது! தனி மேக்ரோ லென்ஸ் வாங்காதவரை இதில் காம்பாக்ட்தான். ஜூமைத் தொடாமல் அகல முனையிலேயே வையுங்கள், உங்கள் நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் படங்கள் பின்திரையில் மங்கலாக, சப்பென்று இருக்கின்றன. காம்பாக்ட் படங்கள் பளபளவென்று இருக்கின்றன. பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. அந்தக் காலத்துத் திரைகள் 2.5 அங்குலம், 2,30,000 புள்ளிகள்தான். அதை நம்பி எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள், கணினியில் திறந்து பார்த்து முடிவு செய்யுங்கள். இன்னொன்று, காம்பாக்டுகள் நிறத்தையும் கூர்மையையும் தூக்கியே ஜேபெக் தயாரிக்கும். டிஎஸ்எல்ஆர்கள் அடக்கமாகத் தரும். மெனுவில் கூர்மையை ஒரு படி ஏற்றினாலே வித்தியாசம் தெரியும். 'ரா' கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுத்துப் பழகினால் இந்தப் புகாரே இருக்காது. டி40 வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: அது படத்தைக் கொஞ்சம் அதிக வெளிச்சமாகவே எடுக்கும். வெயிலில் வெளிச்சத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) −0.7 வைத்து எடுங்கள், வானம் வெளுத்துப் போகாது.

கேள்வி: குடும்ப விழாக்களில் எடுக்கும்போது பிளாஷ் போட்டால் எல்லோர் முகமும் வெளிறிப்போகிறது. எந்தக் கேமராவில் இந்தத் தொல்லை குறைவு?

எதன் பிளாஷும் நேராக முகத்தில் அடித்தால் அப்படித்தான் வரும். டிஎஸ்எல்ஆரின் தலையில் தனி பிளாஷ் மாட்டும் இடம் இருக்கிறது. தலையைத் திருப்பக்கூடிய பழைய பிளாஷ் ஒன்றை மாட்டி, வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்பி அடியுங்கள். வெளிச்சம் மேலேயிருந்து பரவி இறங்கும். மூக்கின் நிழல் மென்மையாகும், பின்னால் நிற்பவர்களும் தெரிவார்கள். விழா படங்களுக்கு நான் வேறு எதையும்விட இதையே சிபாரிசு செய்வேன். உங்கள் பாடிக்குப் பொருந்தும் பிளாஷ்தானா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆர்எக்ஸ்100-இல் அப்படி மாட்ட இடமில்லை. ஆனால் மேலெழும்பும் அதன் குட்டி பிளாஷை விரலால் மெதுவாகப் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தால் அதுவும் கூரையைப் பார்க்கும். கூரை தாழ்வாக இருந்தால் அது போதும்.

கேள்வி: கையில் நல்ல போன் இருக்கும்போது இந்த இரண்டும் எதற்கு அண்ணா?

அகலக் கோணத்தில் பகல் காட்சி மட்டும்தான் எடுப்பீர்கள் என்றால் இரண்டுமே தேவையில்லை, உண்மையாகவே சொல்கிறேன். போன் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கிவிடுகிறது. வெளிச்சமும் நிழலும் கலந்த காட்சியில் பழைய டிஎஸ்எல்ஆரைவிட அது நன்றாகவே சமாளிக்கும். ஓடும் குழந்தை, திருப்பி அடிக்கும் பிளாஷ், மென்பொருள் வெட்டி ஒட்டாத உண்மையான பின்னணி மங்கல், இவைதான் டிஎஸ்எல்ஆரின் எல்லைக்குள் வருபவை. காம்பாக்டின் நிலைமைதான் இதில் சங்கடம். சிறிய சென்சார் கொண்ட சாதாரண காம்பாக்டை இன்று புதிதாகத் தேடி வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை, மேக்ரோவும் நீண்ட ஜூமும் தவிர.

கேள்வி: பழையது வாங்கப் போகிறேன். நேரில் என்னென்ன பார்க்க வேண்டும்?

டிஎஸ்எல்ஆர் என்றால் முதலில் லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். ஓரிரு தூசுத் துகள் இருந்தால் பரவாயில்லை. பிறகு லென்ஸை மாட்டி எஃப்/22 வைத்து, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பெரிதாக்குங்கள். சாம்பல் நிறத்தில் வட்டங்கள் இருந்தால் சென்சாரில் தூசி. அது சுத்தம் செய்யக்கூடியது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். வியூஃபைண்டரில் மட்டும் தெரியும் தூசி படத்தில் வராது. நிக்கானில் ஒரு ஜேபெக் எடுத்து வந்து கணினியில் எக்ஸிஃப் தகவலை (படக் கோப்போடு கேமரா பதியும் விவரங்களை) பார்த்தால் ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்று தெரிந்துவிடும். பழைய கேனான்களில் பெரும்பாலும் அது படத்தில் பதிவாவதில்லை. பேட்டரியும் சார்ஜரும் உடன் வருகின்றனவா என்று கேளுங்கள். 400டி மாதிரி சிலவற்றுக்கு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு வேண்டும், அதையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

காம்பாக்டில் பார்க்க வேண்டியது வேறு. ஆன் ஆஃப் செய்து, லென்ஸ் வெளியே வந்து போவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தாலோ, பாதியில் தயங்கினாலோ மணல் புகுந்திருக்கிறது. இன்றைக்கு ஓடும், ஒருநாள் 'லென்ஸ் பிழை' என்று காட்டி நின்றுவிடும். லென்ஸை மூடும் தகடுகள் முழுதாகச் சேர்கின்றனவா பாருங்கள். ஒரு செங்கல் சுவரை நேராக எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் எங்கோ கீழே விழுந்த கேமரா. வானத்தையும் எடுத்துப் பாருங்கள். காம்பாக்டுக்குள்ளும் தூசி போகும், டிஎஸ்எல்ஆர் மாதிரி நாமே திறந்து துடைக்க முடியாது. வானத்தில் புள்ளி தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: எடை பற்றி யாருமே பேசவில்லையே?

ஆர்எக்ஸ்100 பேட்டரி, கார்டோடு 240 கிராம். டி40 கிட் லென்ஸோடு 700 கிராமைத் தாண்டும். கிராமை விட, டிஎஸ்எல்ஆருக்குத் தனிப் பை வேண்டும் என்பதுதான் பெரிய விஷயம். பயணத்தில் மனதுக்குப் பிடித்த வெளிச்சம் ஐந்து நிமிடம்தான் நிற்கும்; அப்போது கேமரா அறையில் இருந்தால் பயனில்லை. நடந்தே ஊர் சுற்றுபவர்களுக்குக் காம்பாக்ட்தான் சொல்வேன்.

கேள்வி: என்னிடம் இரண்டுமே இருக்கின்றன. ஒன்றை விற்க வேண்டும். எதை?

கடந்த ஒரு வருடத்தில் எடுத்து, நீங்கள் அச்சிட்ட அல்லது யாருக்காவது அனுப்பிய படங்களை மட்டும் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். அதைக் கேமரா மாடல்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். எது குறைவாக வருகிறதோ அதை விற்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: குறைவாக வருவது டிஎஸ்எல்ஆராக இருந்து, அதில் இதுவரை கிட் லென்ஸ் மட்டுமே மாட்டியிருந்தால், யாரிடமாவது ஒரு எஃப்/1.8 லென்ஸை இரவல் வாங்கி ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். விற்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.