கீழே குழாயைத் திறந்தால் மாடி ஷவர் நின்றுவிடுகிறதே, எந்த சைஸ் பைப் போடுவது?

கேள்வி: மதுரை திருநகரில் எங்கள் வீடு. இப்போது மாடி எடுக்கிறோம். பக்கத்து வீட்டில், கீழே சமையலறைக் குழாயைத் திறந்தாலே மாடி ஷவரில் தண்ணீர் நூலாகிவிடுகிறது. எங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. எல்லா இடத்துக்கும் ஒரு இஞ்ச் பைப் போடலாமா? ப்ளம்பர் அரை இஞ்ச் போதும் என்கிறார்.

பதில்: இரண்டும் வேண்டாம். பைப்பைப் பெரிதாக்கினால் அழுத்தம் அதிகமாகாது. இருக்கிற அழுத்தம் வழியிலேயே வீணாகாது, அவ்வளவுதான். அழுத்தம் தருவது தொட்டியின் உயரம். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் தரும். உங்கள் மாடியைக் கணக்குப் போடுவோம். தளத்தின் உயரம் 10 அடி, ஷவர் தரையிலிருந்து 7 அடி. மொட்டை மாடியில் ஓர் அடி மேடை கட்டித் தொட்டி வைத்தால், தொட்டியின் அடிக்கும் ஷவருக்கும் வெறும் 4 அடிதான் வித்தியாசம். அதே தொட்டியை 8 அடி உயர மாடிப்படி ஹெட்ரூம் (மொட்டை மாடியில் படிக்கட்டை மூடும் சின்ன அறை) மேல் ஏற்றினால் 11 அடி கிடைக்கும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு! 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை என்பதால், கான்கிரீட் போடும் முன்பே பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம்தான் பைப். பக்கத்து வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் ஒரே லைன் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். கீழ்க் குழாய்க்குக் கூடுதலாக ஒரு மாடி உயரத்து அழுத்தம் இருக்கிறது. அதைத் திறந்ததும் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவிடும். எனவே தொட்டியில் இரண்டு துளை போட்டு, மாடிக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று எனத் தனித்தனியாக இறக்குங்கள். இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மாடி லைன் ஒன்னேகால் இஞ்ச், கீழ் லைன் ஒரு இஞ்ச். பாத்ரூம் சுவருக்குள் முக்கால். அரை இஞ்ச் என்பது குழாய் மாட்டுகிற கடைசி எல்போவில் (வளைவு இணைப்பில்) மட்டும். அரை இஞ்சை விட முக்கால் இஞ்ச் பைப்பின் வாய்ப் பரப்பு இரண்டேகால் மடங்கு. உரசலும் குறைவதால் ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீர் போகும்.

கடையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்) முக்கால் இஞ்சும் யுபிவிசி (பச்சைத் தண்ணீருக்கான பிளாஸ்டிக் பைப்) முக்கால் இஞ்சும் ஒன்றல்ல. சிபிவிசியின் வெளி விட்டம் 22 மி.மீ., யுபிவிசிக்கு சுமார் 27 மி.மீ. சிபிவிசியின் உள்வாய் 18 மி.மீ.தான் வரும். ஹீட்டரிலிருந்து வரும் சுடுதண்ணீருக்குச் சிபிவிசி கட்டாயம். பச்சைத் தண்ணீருக்கும் அதையே போடுவதானால், முக்கால் என்று எழுதிய இடத்தில் ஒரு இஞ்ச் போட்டால் நல்லது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பெரிய பைப் போடுவது இன்னும் நல்லது. வருடங்கள் போகப் போக உப்பு படிந்து வாய் சுருங்கும்.

தொட்டியடியில் வால்வை விலை பார்த்து வாங்காதீர்கள். ஒன்னேகால் பைப்பில் சின்ன ஓட்டை வால்வு மாட்டினால் செலவு செய்ததெல்லாம் அங்கேயே நின்றுவிடும். முழு வாய் திறக்கும் பால் வால்வு (உள்ளே உருண்டை சுழன்று திறக்கும் வால்வு) கேளுங்கள். வால்வைத் தாண்டியதும் ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) வைத்து, தொட்டியின் மேல்மட்டத்துக்கும் உயரமாக ஒரு காற்றுக் குழாய் எடுத்து விடுங்கள். தொட்டி காலியாகி மறுபடி நிரம்பும்போது காற்று அடைக்காது.

பெரிய தட்டு போன்ற மழை ஷவர் ஆசை இருந்தால், தொட்டி உயரம் மட்டும் போதாது. அதற்குப் பிரஷர் பம்ப் வேண்டும். சாதாரண ஷவருக்குத் தேவையில்லை.

கழிவுக்கு: கக்கூஸ் லைன் 4 இஞ்ச், தரை ஜாலியிலிருந்து 3 இஞ்ச். கக்கூஸ் லைனுக்குப் பத்து அடிக்கு 3 இஞ்ச் வாட்டம் இருக்கட்டும். தண்ணீர் போகும் திசையில் எங்கேயும் பைப்பைச் சிறிதாக்க விடாதீர்கள்.

டைல்ஸ் ஒட்டும் முன் எல்லா முனையையும் அடைத்து, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். பிறகு அளவு டேப்பைச் சுவரில் வைத்தபடி ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.