ஒரு மீட்டர், எட்டு விநாடி

விளையாட்டு: வாசகர் கேள்வி – பதில்

நார்டிக் கம்பைண்ட் என்பது ஸ்கீ ஜம்பிங்கும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ ஓட்டமும் சேர்ந்த பந்தயம். ஸ்கீ என்பது காலில் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் நீளமான பலகை. பெய்ஜிங் ஒலிம்பிக் நடந்த 2021–22 சீசனைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: முதலில் எல்லோரும் குதிக்கிறார்கள். பிறகு ஓட்டத்துக்கு ஆளுக்கொரு நேரத்தில் கிளம்புகிறார்கள். தாண்டிய தூரம் நேரமாக மாறுவது எப்படி? (திருப்பூர் வாசகர்)

பதில்: ஒவ்வொரு குதிமேடைக்கும் ‘கே’ புள்ளி என்று ஒரு தூரம் குறித்திருப்பார்கள். அதைத் தொட்டால் 60 புள்ளி. அதைத் தாண்டும் ஒவ்வொரு மீட்டருக்கும் சிறிய மேடையில் 2 புள்ளியும் பெரிய மேடையில் 1.8 புள்ளியும் கூடும். எட்டாமல் விழுந்தால் அதே கணக்கில் குறையும். அழகுக்கு ஐந்து நடுவர்கள் தலா 20-க்கு மதிப்பெண் போடுவார்கள். அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு மற்ற மூன்றைக் கூட்டுவார்கள்.

‘கே’ 95 மீட்டர் உள்ள மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 103 மீட்டர் போகிறார்: 60 + 16 = 76. அழகுக்கு மூன்று 18, அதாவது 54. மொத்தம் 130. இன்னொருவர் 98 மீட்டர்: 66, அழகுக்கு 52.5, மொத்தம் 118.5. வித்தியாசம் 11.5 புள்ளி. தனிநபர் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் ஒரு புள்ளிக்கு 4 விநாடி. ஆக முதலாமவர் கிளம்பி 46 விநாடி கழித்துத்தான் இரண்டாமவருக்கு வழி விடுவார்கள். சிறிய மேடையில் ஒரு மீட்டர் என்றால் எட்டு விநாடி, பெரிய மேடையில் 7.2 விநாடி. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், குதிப்பு முடிந்ததுமே ஓட்டம் எப்படி இருக்கும் என்று ஊகித்துவிடலாம்.

நார்வேக்காரர் குண்டர் குண்டர்சன் வகுத்த முறை இது. ஒலிம்பிக்கில் 1988 கால்கரியில் வந்தது. அதற்கு முன்பு ஓட்ட நேரத்தைப் புள்ளியாக மாற்றிக் குதிப்புப் புள்ளியோடு கூட்டுவார்கள். கடைசிக் கோட்டில் நிற்கும் பார்வையாளருக்கு யார் ஜெயித்தார் என்றே தெரியாது, கணக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது கோட்டை முதலில் கடப்பவர்தான் வெற்றியாளர். இந்த விளையாட்டுக்கு நடந்த மிகப் பெரிய நன்மை இதுதான் என்பேன்.

கேள்வி: குறைவான தூரம் போனவருக்குச் சில சமயம் கூடுதல் புள்ளி வருகிறதே, அது நியாயமா? (அதே வாசகர்)

பதில்: நியாயம்தான். காற்றுக்கான ஈடு அது. நம் நினைப்புக்கு நேர்மாறாக, எதிர்க்காற்றுதான் குதிப்பவருக்குச் சாதகம். ஸ்கீக்கு அடியில் புகுந்து தாங்கிப் பிடிக்கும். பின்னாலிருந்து அடிக்கும் காற்று ஆளைக் கீழே அழுத்திவிடும். அதனால் எதிர்க்காற்று கிடைத்தவருக்குப் புள்ளியைக் கழித்து, பின்காற்றில் மாட்டியவருக்குக் கூட்டுகிறார்கள். குதிப்பவர் உட்கார்ந்து புறப்படும் பலகையைக் கீழே இறக்கினாலும் இதே கதை: சறுக்கும் தூரம் குறைய வேகமும் குறையும், அதற்கும் ஈடு உண்டு.

தரையிறங்குவதையும் கவனியுங்கள். ஒரு கால் முன்னே, முழங்கால் மடங்கி, கைகள் விரிந்து இறங்கினால் அது டெலிமார்க். அழகுக்கு மதிப்பெண் போடுபவர்கள் பார்ப்பது அதைத்தான். வெகுதூரம் போனவர் சரிவு தட்டையாகும் இடத்துக்குப் பக்கத்தில் விழுவதால் அதிர்ச்சி அதிகம், இரண்டு கால்களையும் சேர்த்து ஊன்றிவிடுவார். கணக்கில் வரும் மூன்று நடுவர்களும் ஆளுக்கு இரண்டு புள்ளி வெட்டினால் 6 புள்ளி போயிற்று. ஓட்டத்தில் அது 24 விநாடி.

கேள்வி: பெய்ஜிங்கில் மிகவும் பின்னால் கிளம்பியவர்கள் தங்கம் வாங்கினார்கள். அவ்வளவு இடைவெளியை எப்படி அடைத்தார்கள்? (மதுரை வாசகர்)

பதில்: நல்ல கேள்வி. இரண்டு தனிநபர் பந்தயங்களிலும் அதுதான் நடந்தது.

சிறிய மேடைப் பந்தயத்தில் ஜப்பானின் ரியோட்டா யமமோட்டோ முதலில் கிளம்பினார். ஜெர்மனியின் வின்சென்ஸ் கைகர் 11-ஆவது ஆளாக, 1 நிமிடம் 26 விநாடி பின்னால். நம் கணக்கில் 21.5 புள்ளி, கிட்டத்தட்ட 11 மீட்டர். கடைசியில் நார்வேயின் யோர்கன் கிராபக்கை 0.8 விநாடியில் முந்தித் தங்கம் வென்றார். பெரிய மேடையில் கிராபக் 2 நிமிடம் 7 விநாடி பின்னால் கிளம்பி, தன் நாட்டவரான யென்ஸ் லூரோஸ் ஆப்டெப்ரோவை 0.4 விநாடியில் வென்றார். மூன்றாவது வந்த அகிதோ வதாபேவும் அதே மூச்சில் கோட்டைத் தொட்டார்.

முன்னால் தனியாக ஓடுபவர் காற்றைத் தானே கிழித்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டால் முறைவைத்து முன்னே வந்து இழுப்பார்கள், மற்றவர்கள் அந்த மறைவில் மூச்சு வாங்குவார்கள். அது போக, குதிப்பில் கில்லாடிகள் பலர் எடை குறைந்தவர்கள். குதிக்க வெடித்தெழும் கால்பலம் வேண்டும், 10 கிலோமீட்டர் ஓட அரை மணிக்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்கும் நுரையீரலும் தசையும் வேண்டும். ஒன்றைக் கூட்டும் பயிற்சி மற்றதைத் தின்னும். முன்னால் கிளம்பியவர் பதற்றத்தில் முதல் இரண்டரை கிலோமீட்டர் சுற்றை அடித்து ஓடினால் மூன்றாவது சுற்று ஏற்றத்தில் கால் கட்டிக்கொள்ளும். துரத்துபவர்கள் காத்திருப்பது அந்த ஏற்றத்துக்காகத்தான்.

கேள்வி: பெய்ஜிங்கில் நார்வே வீரர் யார்ல் மாக்னுஸ் ரீபர் வழி தவறியது உண்மையா? (சேலம் வாசகி)

பதில்: உண்மை. கொரோனா தொற்றால் தனிமையில் இருந்துவிட்டு வெளியே வந்த கையோடு பெரிய மேடையில் குதித்தார். 44 விநாடி முன்னிலை எடுத்தார். முதல் சுற்று முடியும் இடத்தில் அரங்கத்துக்குள் பாதை பிரியும்: ஒன்று அடுத்த சுற்றுக்கு, மற்றது முடிவுக் கோட்டுக்கு. அவர் தவறான பிரிவில் நுழைந்து, திரும்பி வருவதற்குள் முன்னிலை கரைந்தது. எட்டாவதாக வந்தார். பாதையை மனப்பாடம் செய்ய மற்றவர்களுக்குப் பல நாள் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: ஒலிம்பிக்கில் தனிப்பதக்கம் இல்லாத ரீபர் அந்த சீசனின் சாம்பியன் ஆனது எப்படி? (மதுரை வாசகர்)

பதில்: சீசன் முழுவதும் பல ஊர்களில் நடக்கும் உலகக் கோப்பைக் கணக்கு தனி. ஒலிம்பிக் முடிவு அதில் சேராது. நவம்பர் கடைசியில் பின்லாந்தின் ரூகாவில் தொடங்கி மார்ச்சில் ஜெர்மனியின் ஷோனாக்கில் முடிந்த அந்த சீசனில் முதலிடத்துக்கு 100, பிறகு 80, 60, 50, 45, 40 என்று 30-ஆம் இடம்வரை புள்ளி. ஒரு பந்தயம் ஜெயித்து இரண்டில் வெறுங்கையோடு போனால் 100தான். மூன்றிலும் நான்காவது வந்தவருக்கு 150. ஆகவே கண்ணாடிக் கோளம், அதுதான் கோப்பை, வாரம் தவறாமல் முன்வரிசையில் நிற்பவருக்கே போகும். 2018–19 முதல் தொடர்ந்து நான்காவது முறையாக ரீபர் அதை எடுத்தார். பெண்கள் கோளம் நார்வேயின் கீடா வெஸ்ட்வோல்ட் ஹான்சனுக்கு.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு ஏற்பாடு உண்டு. பந்தயத்துக்கு முன்பே ஒரு தற்காலிகக் குதிப்புச் சுற்று நடத்தி வைப்பார்கள். காற்றால் உண்மையான குதிப்பு ரத்தானால் அந்த முடிவை வைத்து ஓட்டத்தைத் தொடங்குவார்கள். ரூகா போன்ற காற்றுக்குப் பேர்போன இடங்களில் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர் வருந்துவார்.

கேள்வி: ஸ்கீயின் அடியில் மெழுகு தேய்க்கிறார்களே, அதனால் என்ன ஆகும்? (கோவை வாசகர்)

பதில்: கம்பைண்ட் ஓட்டம் ஸ்கேட்டிங் பாணி, அதாவது ஸ்கீயைப் பக்கவாட்டில் உதைத்துச் சறுக்குவது. உதைத்து ஏறப் பிடிமானம் தரும் மெழுகு தேவையில்லை, வழுக்கும் மெழுகு மட்டும் போதும். அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து, மெழுகை இஸ்திரியில் உருக்கிச் சொட்டவிட்டு, முனையிலிருந்து வால்வரை நிற்காமல் ஓட்ட வேண்டும். ஓரிடத்தில் இஸ்திரி நின்றால் பிளாஸ்டிக் அடி கருகும், அந்த இடம் பிறகு மெழுகை உறிஞ்சாது. நன்றாக ஆறியபின் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, நைலான் பிரஷ் போட வேண்டும். மேலே மெழுகு தெரியக் கூடாது. தெரிந்தால் அது பனியைப் பிடித்து இழுக்கும்.

கடுங்குளிரில் பனித்துகள் கூர்மையாக இருக்கும், அதனால் கெட்டி மெழுகு. ஈரப் பனிக்கு மென்மையான மெழுகு. அதோடு அடியில் சற்று ஆழமான வரிகளும் வேண்டும், இல்லையென்றால் நீர்ப்படலம் ஸ்கீயை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். 2021–22-இல் புளோரின் கலந்த மெழுகு இன்னும் புழக்கத்தில் இருந்தது. உடலிலும் மண்ணிலும் சிதையாமல் தங்கிவிடும் அந்தப் பொருளுக்கு 2023–24 சீசனிலிருந்து முழுத் தடை.

கேள்வி: பெண்களுக்கு ஏன் ஒலிம்பிக்கில் இடம் இல்லை? (சேலம் வாசகி)

பதில்: ஆண்கள் 1924 முதல் ஒவ்வொரு குளிர்கால ஒலிம்பிக்கிலும் பங்கேற்றிருக்கிறார்கள். பெண்களுக்கு உலகக் கோப்பையே 2020 டிசம்பரில் ஆஸ்திரியாவின் ராம்சாவில்தான் தொடங்கியது. அமெரிக்காவின் தாரா ஜெராட்டி-மோட்ஸ் வென்றார். கொரோனாவால் அந்த சீசனில் அந்த ஒரு பந்தயத்தோடு சரி. 2022 ஜூனில் ஒலிம்பிக் கமிட்டி 2026 போட்டியிலும் பெண்களைச் சேர்க்க மறுத்தது. சொன்ன காரணம்: பங்கேற்கும் நாடுகளும் பார்வையாளர்களும் குறைவு. 2014, 2018, 2022 மூன்றிலும் ஆண்களின் பதக்கங்கள் நார்வே, ஜெர்மனி, ஆஸ்திரியா, ஜப்பான் நான்கோடு நின்றது உண்மைதான். ஆனால் ஆண்கள் பந்தயத்தின் குறைக்குப் பெண்களைத் தண்டிப்பது தவறு. இடமே கொடுக்காமல் இன்னும் பல நாடுகள் எப்படிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க முன்வரும்?

கேள்வி: ஓஸ்லோவில் வசிக்கிறோம். பிள்ளைகளோடு இங்குள்ள ஹோல்மென்கொல்லன் ஸ்கீ அரங்கத்துக்குப் போகலாமா? (ஓஸ்லோ வாசகி)

பதில்: கட்டாயம் போங்கள். 1892-இல் அங்கே நடந்த முதல் போட்டியே கம்பைண்ட்தான். மார்ச் மாதப் போட்டிக்கு மெட்ரோ 1-ஆம் பாதையில் ஏறி ஹோல்மென்கொல்லன் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். குதிப்புக்கும் ஓட்டத்துக்கும் நடுவே நேரம் கிடக்கும், பிள்ளைகளுக்குச் சூடாகக் குடிக்க ஏதாவது கொண்டு போங்கள். பனியில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும், இரண்டு அடுக்குக் கம்பளிக் காலுறையும் தடித்த அடியுள்ள காலணியும் அவசியம். மூடுபனி இறங்கினால் குதிப்பவர் புறப்படுவது தெரியாது, இறங்கும் சரிவுக்கு எதிரே நில்லுங்கள். ஓட்டத்துக்கு முடிவுக் கோட்டை விட ஒரு ஏற்றத்தின் உச்சியே நல்ல இடம். நான்கு சுற்றிலும் இடைவெளியைக் கைக்கடிகாரத்தில் பிள்ளைகளே அளந்து பார்க்கலாம்.