மலேசியப் போலீஸ் கதை எழுதுவோர் கேட்டவை: முன்னாள் இன்ஸ்பெக்டர், இந்நாள் வழக்கறிஞரின் பதில்கள்

செந்தூல் வாசகர்: ஐயா, கொலைச் சந்தேக நபரை எத்தனை நாள் லோக்காப்பில் வைக்கலாம்?

பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117ஆம் பிரிவில் ரிமாண்ட், அதாவது காவல் நீட்டிப்பு, கேட்பார்கள். கொலைக்கு முதலில் 7 நாள் வரை, பிறகு இன்னொரு 7. பதினான்கு ஆண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனைக் குற்றமென்றால் 4, பிறகு 3. விசாரணை நாட்குறிப்பின் நகலைப் பார்த்துவிட்டு மாஜிஸ்திரேட் இரண்டே நாள் கொடுத்தால் ஐ.ஓ.வுக்கு (விசாரணை அதிகாரிக்கு) வியர்க்கும். கதையை அங்கே தொடங்குங்கள்.

பட்டர்வொர்த்: ஜூரி முன் வாதிடும் காட்சி வைக்கலாமா?

1995இல் ஒழிந்தது. 1980களின் கதையென்றால் வையுங்கள், ஏழு பேர். தமிழ் சினிமாவை நம்பாதீர்கள்.

பாயான் லெப்பாஸ்: "நான்தான் வெட்டினேன்" என்று வில்லன் இன்ஸ்பெக்டரிடம் ஒப்புக்கொள்கிறான். தண்டனை உறுதிதானே?

இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 113ஆம் பிரிவின்படி போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தை அவனுக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது. ஆனால் சாட்சியச் சட்டம் 1950, 27ஆம் பிரிவு இருக்கிறது. "வெட்டிய கத்தியைப் பிறை ஆற்றுப் பாலத்தடியில் போட்டேன்" என்று சொல்லி, கத்தியும் கிடைத்தால், போட்ட இடத்தைச் சொன்ன பகுதி மட்டும் செல்லும். "வெட்டிய" என்ற சொல் வெளியே போய்விடும். புலுகுரி கோட்டையா வழக்கில் 1946இலேயே பிரிவி கவுன்சில், அன்றைய லண்டன் மேல்முறையீட்டு மன்றம், போட்ட கோடு இது.

அதே வாசகர்: கத்தியே கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன சந்தேகம்?

செபெராங் ஜெயா: அண்ணே, இடம் தெரிந்தவனெல்லாம் கொலைகாரனா? வேறொருவன் போட்டதைப் பார்த்திருக்கலாமே!

செபெராங் ஜெயாக்காரர் சொல்வதே சரி. அவனுக்கு இடம் தெரியும், அவ்வளவுதான் நிரூபணம். கத்திப் பிடியில் அவன் டிஎன்ஏ வேண்டும், இரசாயனத் துறை அறிக்கை வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு கேள்வி கேட்பார்: அவன் சொன்ன சொற்களை அப்படியே எழுதினீர்களா? அந்த இடம் உங்களுக்கு முன்பே தெரியுமா? முன்பே தெரிந்திருந்தால் அது கண்டுபிடிப்பே அல்ல, 27ஆம் பிரிவு கவிழ்ந்துவிடும். உங்கள் நாவலின் குறுக்கு விசாரணை அத்தியாயம் இதுதான்.

பிரிக்பீல்ட்ஸ்: ஐபிசி 302 என்று எழுதலாமா?

எண் சரி, நாடு தப்பு; ஐபிசி இந்தியத் தண்டனைச் சட்டம். நம்முடையது தண்டனைச் சட்டம் 302. 2023 ஜூலைக்குப் பிறகு கட்டாய மரணம் இல்லை. மரணம், அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையோடு குறைந்தது 12 பிரம்படி. சினிமாவை நம்பாதீர்கள் என்றேனே.

ஜெலுத்தோங்: ஓய்வுபெற்ற போலீஸ் நண்பர் தான் விசாரித்த வழக்குகளைப் புத்தகமாக்குகிறார். பெயரை மாற்றினால் போதுமா?

போதாது. கடமையில் கிடைத்த தகவலை வெளியிட்டால் தண்டனைச் சட்டம் 203ஏ: பத்து லட்சம் ரிங்கிட் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 1972ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வ இரகசியச் சட்டம் தனி. வெளியான தீர்ப்பிலும் திறந்த நீதிமன்றச் சாட்சியத்திலும் உள்ளதை மட்டும் வைத்து எழுதச் சொல்லுங்கள். வழக்கறிஞர் எழுதினால், கட்சிக்காரர் சொன்ன இரகசியத்துக்குச் சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவு பாதுகாப்பு.

செராஸ்: ரிமாண்ட் எத்தனை நாள்?

முதல் பதில்.

கெப்போங்: கதையல்ல சார். புகார் கொடுத்து ஆறு வாரம், ஐ.ஓ. போன் எடுப்பதில்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவைக் குறிப்பிட்டு நிலைய அதிகாரிக்குக் கடிதம் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமென்றால், புகாருக்கு நான்கு வாரம் கழிந்த பிறகு கேட்கலாம். விசாரணையைக் கெடுக்காத வரையில் இரண்டு வாரத்தில் நிலவரம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு எழுதுங்கள்.