கரவன் வாங்கியாயிற்று, அடுத்தது என்ன? – கேள்வி பதில்

எங்கள் ஊரான திருகோணமலையில் ‘கரவன்’ என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது நிசான் வேன்தான். இங்கே நான் அந்தச் சொல்லைப் படுக்கை, அடுப்பு, தண்ணீர், மின்சாரம் ஆகிய நான்கும் உள்ளே இருக்கும் வண்டி என்ற பொருளில் பயன்படுத்துகிறேன். அது காருக்குப் பின்னால் இழுக்கப்படுவதாகவும் இருக்கலாம், உள்ளே மாற்றியமைக்கப்பட்ட வேனாகவும் இருக்கலாம். இங்கிலாந்தில் இருந்த காலத்தில் முதல் வகையை வைத்திருந்தேன். உப்புவெளிக்குத் திரும்பிய பின்னர் பழைய ரொயோட்டா ஹையேஸ் வேன் ஒன்றை இரண்டாம் வகையாக மாற்றிக்கொண்டேன். புதிதாக வண்டி வாங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளில், என்னென்ன பொருட்களை வாங்க வேண்டும் என்பது பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (உவர்மலை, ஆசிரியர்): ஐயா, இணையத்தில் பார்த்தால் வாங்க வேண்டியவை என்று நூறு பொருட்களைச் சொல்கிறார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு எதை முதலில் வாங்குவது?

பதில்: படத்தில் அழகாகத் தெரியாதவற்றை முதலில் வாங்குங்கள். தீயணைப்புக் கருவி ஒன்று, அடுப்புக்கு அருகில் தொங்கவிடத் தீப்போர்வை ஒன்று, கார்பன் மொனொக்சைட் என்னும் மணமற்ற நச்சு வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி ஒன்று, முதலுதவிப் பெட்டி, சக்கரத்துக்கு வைக்கும் கட்டைகள் இரண்டு, டயரின் காற்றழுத்தத்தைப் பார்க்கும் மானி, தலையில் கட்டும் டோர்ச் ஒன்று ஆகியவை இல்லாமல் வண்டி முற்றத்தை விட்டு வெளியே போகக் கூடாது. தீயணைப்புக் கருவியைக் கதவுக்கு அருகில் மாட்டுங்கள், அடுப்புக்கு மேல் மாட்டாதீர்கள்; தீப்பிடித்த அடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி எடுக்க ஒருவராலும் முடியாது. மடக்கு மேசை, நிழற்கூரை, வண்ண விளக்குச் சரம் எல்லாம் பிறகு வரட்டும். சொந்த முற்றத்திலேயே இரண்டு மூன்று இரவுகள் வண்டிக்குள் படுத்துப் பார்த்தால், உங்கள் குடும்பத்துக்கு உண்மையில் எது தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும். நான் முதல் வருடம் ஆசையோடு வாங்கிய பொருட்களில் பாதி இப்போது மாமி வீட்டுப் பரணில் கிடக்கின்றன.

கேள்வி (பாலையூற்று): வீட்டில் பாவிக்கும் 12.5 கிலோ காஸ் சிலிண்டரையே வண்டிக்குள் வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம். 2.3 கிலோ அல்லது 5 கிலோ சிலிண்டர் போதும். கொத்து ரொட்டிக் கடை நடத்தாத வரைக்கும் இரண்டு பேருக்கு 2.3 கிலோவே பல நாட்களுக்கு வரும். ஆனால் அளவை விட வைக்கும் இடம்தான் முக்கியம். சமையல் காஸ் காற்றை விடக் கனமானது. அது கசிந்தால் மேலே எழும்பிப் போகாமல் தண்ணீர்போலத் தரையில் தேங்கும். படுக்கைக்குக் கீழே, சீட்டுக்கு அடியில் சேர்ந்து, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். எனவே சிலிண்டரை, படுக்கும் பகுதியோடு எந்த இடைவெளியும் இல்லாமல் அடைக்கப்பட்டு, அடித்தட்டில் மட்டும் வெளியே திறக்கும் துவாரம் உள்ள தனிப் பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்துப் பட்டியால் கட்ட வேண்டும். அந்தத் துவாரத்தால் எறும்பு வருகிறது என்று துணி அடைத்து வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். எறும்பைத் தடுக்கக் கம்பி வலை போதும்.

ரப்பர் குழாயில் அச்சிடப்பட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் நாடெங்கும் வந்தபோது, பலர் முதல் தடவையாகச் சவர்க்கார நுரையைக் குழாயின் மூட்டுகளில் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கப் பழகினார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். சிலிண்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும், குலுங்கும் பாதையில் ஓடி வந்த பின்னரும் அப்படிப் பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும்.

கேள்வி (நிலாவெளி, விடுதி நடத்துபவர்): சின்னக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றும் மின்விசிறி ஒன்றும் இரவு முழுவதும் ஓட வேண்டும். எத்தனை ஆம்பியர் பற்றரி வாங்குவது?

பதில்: கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் கடதாசியில் கணக்குப் போடுங்கள். 12 வோல்ட்டில் ஓடும் 40 லீற்றர் கொம்பிரசர் பெட்டி ஏறத்தாழ 45 வாட்ஸ் எடுக்கும். எங்கள் வெக்கையில் அது நாளில் பாதி நேரமாவது ஓடும் என்று வைத்தால் 540 வாட்மணி (வாட்ஸை மணித்தியாலத்தால் பெருக்கி வருவது). 15 வாட்ஸ் விசிறி பத்து மணித்தியாலம் ஓடினால் 150. விளக்குக்கும் கைபேசிக்கும் 60. மொத்தம் 750 வாட்மணி.

இனிப் பற்றரிப் பக்கம் வருவோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்மணி ஈயப் பற்றரியில் 1200 வாட்மணி இருக்கிறது என்பார்கள். ஆனால் அதைப் பாதிக்குக் கீழே இறக்கி இறக்கிப் பாவித்தால் விரைவில் கெட்டுவிடும் என்பதால், கைக்கு வருவது 600தான். உங்கள் தேவைக்கு அது காணாது. அதே 100 ஆம்பியர்மணி லித்தியம் அயன் பொஸ்பேற் பற்றரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம். ஏறத்தாழ ஆயிரம் வாட்மணி கிடைக்கும். விலை கூடுதல், எடையோ ஏறத்தாழப் பாதி. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அதை வண்டி ஓடும்போது மின்சாரம் ஆக்கும் ஓல்டனேற்றரோடு நேரடியாக ஒரு வயரால் இணைத்துவிடாதீர்கள். லித்தியம் பற்றரி மின்னோட்டத்தைத் தாகத்தோடு இழுக்கும். ஓல்டனேற்றர் சூடேறி எரிந்துபோகக் கூடும். இடையில் மின்னோட்டத்தை அளவோடு விடும் டீசி-டீசி சார்ஜர் ஒன்று இருக்க வேண்டும். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். அது வயரைக் காப்பாற்றுவதற்காக இருப்பது, ஆகவே வயரின் மறுமுனையில் வைத்துப் பயனில்லை.

கேள்வி (சாம்பல்தீவு): சூரியத் தகடு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?

பதில்: 200 வாட்ஸ் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ 800 வாட்மணி தரும், மேலே போட்ட கணக்குக்குச் சரியாக வரும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வண்டி வேப்பமர நிழலில் நின்றால் நீங்கள் தூங்கலாம், தகடு வேலை செய்யாது. வெயிலில் நின்றால் தகடு வேலை செய்யும், நீங்கள் வெந்துபோவீர்கள். தகட்டின் ஒரு மூலையில் கிளையின் நிழல் விழுந்தாலே உற்பத்தி பெருமளவு குறைந்துவிடும். ஆகையால் கூரையில் நிரந்தரமாகப் பதிப்பதை விட, பத்து மீற்றர் வயரோடு வெளியே எடுத்து வைக்கக் கூடிய மடக்குத் தகட்டையே விரும்புகிறேன். கூரையில் பதித்தே ஆக வேண்டும் என்றால், வண்டியின் புதிய உயரத்தை அளந்து ஸ்ரேறிங்குக்கு எதிரே எழுதி ஒட்டுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்றிக் கோட்டை வாசலின் வளைவுக்குக் கீழே நின்று யோசிக்க வேண்டி வராது.

கேள்வி (அன்புவழிபுரம்): ஏசி?

பதில்: பற்றரியில் ஓட்ட நினைக்க வேண்டாம். கூரையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஒன்று, யன்னல்களுக்கு நுளம்பு வலை, கண்ணாடிகளுக்கு வெளிப்பக்கமாக வெள்ளித் திரை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதவைக் காற்று வரும் பக்கம் திருப்பி நிறுத்தத் தெரிந்தால் அதுவே பாதி ஏசி. நுளம்புச் சுருளைப் பூட்டிய வண்டிக்குள் கொளுத்தாதீர்கள்.

கேள்வி (கிண்ணியா): தங்குமிடத்தில் மின்சாரம் தருகிறார்கள் என்றால் வீட்டிலுள்ள எக்ஸ்ரென்சன் வயரைக் கொண்டுபோய் மாட்டினால் போதுமா?

பதில்: போதாது, இந்த விடயத்தில் நான் பட்ட பாட்டையே சொல்கிறேன். முதல் வருடம் ஹபரணைப் பக்கம் ஒரு விடுதியின் முற்றத்தில் வண்டியை நிறுத்தி, உருளையில் சுற்றிய 25 மீற்றர் வயரில் ஐந்தாறு மீற்றரை மட்டும் இழுத்து மாட்டினேன். மிச்சம் உருளையிலேயே இருந்தது. கேத்தலைப் போட்டுத் தேநீர் குடித்தோம். அடுத்து இன்டக்சன் அடுப்பில் சோறு. அரை மணித்தியாலத்தில் செருப்புக் கருகுவதுபோல ஒரு மணம். வெளியே வந்து உருளையைத் தொட்டேன், கையை வைக்க முடியவில்லை. உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. சுற்றிக் கிடக்கும் வயரின் சூடு வெளியேற வழியில்லை. அதனால்தான் எவ்வளவு குறைந்த தூரமாக இருந்தாலும் வயர் முழுவதையும் அவிழ்த்துத் தரையில் தளர்வாகப் போட வேண்டும்.

வாங்க வேண்டியது 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள, மூன்று இழையுள்ள, வெளியில் பாவிக்கத்தக்க வயர். வண்டிக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் எர்த் இல்லாத இரண்டு துவாரச் சொக்கெற்றுகளும், உயிர் வயரும் நியூட்ரலும் மாறிப் பொருத்தப்பட்ட சொக்கெற்றுகளும் இன்னும் இருக்கின்றன. மூன்று சிறு விளக்குகள் உள்ள சோதனைப் பிளக் ஒன்றை வாங்கி, வண்டியை இணைக்கும் முன் அதைச் செருகிப் பாருங்கள். சட்டைப் பையில் அடங்கும் பொருள், ஆனால் மூன்று ஊசிப் பிளக்கும் பழைய வட்ட ஊசிப் பிளக்கும் கலந்து கிடக்கும் எங்கள் நாட்டில் அதற்குப் பொருத்தமான மாற்றியையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

கேள்வி (மூதூர், தாய்): நான்கு பேருக்குத் தண்ணீர் எவ்வளவு? கழிப்பறை அவசியமா?

பதில்: குடிக்க மட்டும் ஆளுக்கு மூன்று லீற்றர் என்று வைத்தால் நாளுக்கு 12 லீற்றர். சமையலுக்கும் கழுவுவதற்கும் இன்னொரு மடங்கு. 20 லீற்றர்க் கான்கள் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் குடிநீர் என்று பெரிதாக எழுதுங்கள், அதில் வேறெதையும் நிரப்பாதீர்கள். கடற்கரைக் கிணறுகள் பல உவர்த்தன்மை உடையவை என்பதால் குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டு போவது நல்லது. ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதை மறக்காமல், நிறைந்த கான்களைச் சக்கர அச்சுக்கு அருகில், தரையில் வையுங்கள். கழுவிய நீரைப் பிடிக்க இன்னொரு கான் வேண்டும்; விடுதிக்காரரின் தென்னைக்குத்தான் ஊற்றப் போகிறீர்கள் என்றாலும் அவரைக் கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

கழிப்பறை பற்றிக் கேட்டீர்கள். சிறு பிள்ளைகளும் பெண்களும் வந்தால் அவசியம் என்பேன். 20 லீற்றர் கொள்ளும் கையடக்கக் கழிப்பறை இரண்டு பேருக்கு மூன்று நாள் தாங்கும். நான்கு பேருக்கு ஒன்றரை நாள். எங்கள் நாட்டில் அதைக் கொட்டுவதற்கென்று ஒழுங்கான இடங்கள் வழியெங்கும் இல்லை. வீட்டு மலக்குழியில்தான் சேர்ப்பீர்கள். எனவே கழிப்பறைத் தொட்டிக்குள் ஊற்றும் மருந்தில் போர்மல்டிஹைட் கலந்ததைத் தவிர்த்து, உக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். முன்னையது குழிக்குள் வேலை செய்யும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும்.

கேள்வி (ஜமாலியா): மணலில் புதைந்தால் எடுக்க என்ன வைத்திருக்க வேண்டும்?

பதில்: ஒரு சிறிய மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு பலகைகள், 12 வோல்ட் காற்றுப் பம்பி. டயரின் காற்றை 20 பீஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் பரந்து மணலில் மிதக்கும்; தார் ரோட்டுக்கு ஏறியதும் பழைய அளவுக்கு அடித்தே ஓட வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் அது தயாரிக்கப்பட்ட வாரம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. முற்றத்தில் நின்று நின்றே பழுதாகும் வண்டிகள் இவை என்பதால், பூ தேயாமல் இருந்தாலும் அந்த ஆண்டைப் பார்த்து மாற்ற வேண்டும்.

கேள்வி (சீனக்குடா, ஓய்வு பெற்றவர்): இலண்டனில் இருக்கும் என் மகன் காருக்குப் பின்னால் இழுக்கும் கரவன் வாங்கியிருக்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்: அங்கே காரியங்கள் சற்று வேறு. 2021 டிசெம்பர் 16இலிருந்து சாதாரணக் கார் உரிமத்தோடேயே 3500 கிலோ வரை இழுக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டதால், ஒரு நாள் கூடப் பயிற்சி இல்லாமல் இழுப்பவர்கள் கூடிவிட்டார்கள். வேக எல்லை மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல், நடுவில் பிரிப்பு இல்லாத பாதையில் 50. காரை விடக் கரவன் அகலமாக இருந்தால் நீட்டிய பக்கக் கண்ணாடிகள் கட்டாயம்.

பொருட்களில், கரவனைக் காரோடு இணைக்கும் கொளுவியின் மேல் இறங்கும் பாரத்தை அளக்கும் மானியை முதலில் வாங்கச் சொல்லுங்கள். அந்தப் பாரம் பொதுவாகக் கரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதமாக, காருக்கும் கொளுவிக்கும் குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் வேகத்தில் கரவன் நாய்வால்போல ஆடத் தொடங்கும். அப்போது பிறேக்கை உதைப்பவர்கள்தான் கவிழ்கிறார்கள். பிறகு, கொளுவி கழன்றால் தானாகப் பிறேக் பிடிக்கவைக்கும் கம்பி, கொளுவிப் பூட்டு, சக்கர நட்டுகளை அளவாக இறுக்கும் டோர்க் சாவி, 25 மீற்றர் செம்மஞ்சள் மின்வயர், மட்டம் பார்க்கும் குமிழிக் கருவி, சாய்வுக் கட்டைகள். நான்கு மூலைகளிலும் இருக்கும் கால்கள் ஆட்டத்தை நிறுத்துவதற்கானவை. அவற்றால் கரவனை ஜக்போலத் தூக்கினால் தளமே வளைந்துவிடும். காஸிலும் ஓடும் பழைய வகைக் குளிர்சாதனப் பெட்டி இருந்தால், மட்டம் இல்லாத இடத்தில் அது குளிராது என்பதையும் சொல்லுங்கள். நான் ஒரு முழுக் கிழமை பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்து, கடைசியில் ஒரு பக்கச் சக்கரத்தைக் கட்டையில் ஏற்றிய பிறகு ஐஸ் பிடித்தது.

கேள்வி (தம்பலகாமம்): கந்தளாய், ஹபரணை வழியாகப் போகும்போது யானைக்காக ஏதாவது வேண்டுமா?

பதில்: அதற்கென்று ஒரு பொருளும் இல்லை. இருட்டும் முன் அந்தப் பாதையைத் தாண்டுங்கள், காட்டோரத்தில் படுக்காதீர்கள், பலாப்பழத்தையும் வாழைக் குலையையும் வண்டியில் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி (குச்சவெளி): நிழற்கூரை கடற்கரையில் ஒரு இரவும் நிற்பதில்லை. எந்த ஆப்பு நல்லது?

பதில்: கரவனோடு வரும் இரும்பு ஆப்புகள் புல்தரைக்கு உரியவை. மணலில், உரப்பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். எங்கள் கடற்றொழிலாளர்களுக்கு இது புதிதல்ல. படுக்கப் போகும் முன் கூரையைச் சுருட்டிவிடுங்கள், காற்று இல்லை என்றாலும். ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரைக்கும் நான் அதை வெளியே எடுப்பதே இல்லை; 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி எங்கள் மாவட்டக் கரையைக் கடந்தபோது வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, காஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வீட்டுக்குள் படுத்தோம்.

கேள்வி (உப்புவெளி): இரண்டே வருடத்தில் என் வண்டியின் அடிப்பாகம் துருப்பிடித்துவிட்டது. தடுக்க என்ன வாங்க வேண்டும்?

பதில்: தோட்டக் குழாய் ஒன்றும், கீழ்ப்பக்கமாகப் பீய்ச்சும் முனை ஒன்றும். கடற்கரைக்குப் போய் வந்த அன்றே சக்கர வளைவுகளுக்குள்ளும் அடிப்பலகையிலும் நல்ல தண்ணீர் அடியுங்கள்; மறுநாள் காலை என்று தள்ளினால் உப்பு தன் வேலையைத் தொடங்கிவிடும். பற்றரி முனைகளுக்கும் பிளக் ஊசிகளுக்கும் கிரீஸ் தடவுங்கள், வருடத்துக்கு ஒரு தடவை, மாரிக்கு முன், அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சுப் பூசுங்கள். உங்கள் வண்டியில் ஏற்கனவே பிடித்திருக்கும் துருவைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே பூச வேண்டாம். மூடிய பூச்சுக்குக் கீழே அது இன்னும் வேகமாகத் தின்னும்.