பழைய டைவ் வாட்ச்: தண்ணீரில் கட்டவா, பெட்டியில் வைக்கவா?

இன்னொருவர் கட்டிப் பழகிய, விலை உயர்ந்த ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச்சை, அதாவது கடலில் மூழ்குபவர்களுக்காகச் செய்த வாட்ச்சை, வாங்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் முதலில் ஒரு கேள்வி வைக்கிறேன்: அதைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போகிறீர்களா, சேகரிப்பில் வைக்கப் போகிறீர்களா? இதை முடிவு செய்யாமல் வாங்கப் போனால், நல்ல வாட்ச் எது என்பதே குழம்பிவிடும். ஒருவருக்குக் குறையாகப் படுவது இன்னொருவருக்கு அதன் மதிப்பே.

கேள்வி: ரோலக்ஸ் சப்மரைனர் 16610 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 300 மீட்டர் என்று டயலிலேயே எழுதியிருக்கிறது. விற்பவரும் "தாராளமாக நீந்தலாம்" என்கிறார். நம்பலாமா?

வாங்கிய அன்றே இறங்க வேண்டாம். டயலில் உள்ள அந்த 300 மீட்டர், வாட்ச் புதிதாக வெளிவந்தபோது அது தாங்கிய அளவு. தண்ணீரைத் தடுக்கும் வேலையை எஃகு மட்டும் செய்வதில்லை. பின்மூடிக்கு அடியிலும், சாவிக்குள்ளும் (பக்கவாட்டில் திருகும் குமிழ்), கண்ணாடியைச் சுற்றியும் மெல்லிய வாஷர்கள் இருக்கின்றன. வியர்வை, சோப்பு, வெந்நீர், உப்பு எல்லாம் பட்டு ரப்பர் வாஷர்கள் இறுகிப்போகும், தட்டையாகிவிடும். 16610 மாடல் 1980-களின் கடைசியில் வந்து 2010-இல் நின்றது. அதனால் உங்களுக்குக் கிடைப்பது எவ்வளவு இளசாக இருந்தாலும் அதற்குப் பத்துப் பதினைந்து வயது தாண்டியிருக்கும். நடுவில் யாராவது மூடியைக் கழற்றி, பழைய வாஷரையே திரும்பப் போட்டு மூடியிருந்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

டைவ் வாட்ச்சுக்கென்றே ஐஎஸ்ஓ 6425 என்று ஒரு சர்வதேசத் தர நிர்ணயம் உண்டு. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், எழுதியிருக்கும் அளவைவிட 25 சதவீதம் அதிக அழுத்தத்தில் சோதிக்க வேண்டும், இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மணி தெரிய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல விதிகள்தான். ஆனால் அவை புது வாட்ச்சுக்கான சோதனைகள். கை மாறும்போது யாரும் அதையெல்லாம் திரும்பச் செய்து பார்ப்பதில்லை.

அதனால் நீங்கள்தான் செய்ய வைக்க வேண்டும். வாட்ச் சர்வீஸ் செய்பவரிடம் காற்றழுத்தச் சோதனை இயந்திரம் இருக்கும். அதில் வாட்ச்சை வைத்து அழுத்தம் ஏற்றினால், அதன் வெளிக்கூடான கேஸ் மயிரிழையளவு நெளிவதை அது அளக்கும். காற்று உள்ளே புகுந்தால் அந்த நெளிவு மாறும், கசிவு தெரிந்துவிடும். தண்ணீரே படாத சோதனை என்பதால், தோற்றாலும் வாட்ச்சுக்குள் இருக்கும் மெஷினுக்குச் சேதம் இல்லை. உள்ளே ஏற்கெனவே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. வாட்ச்சைச் சூடான தட்டில் 40 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும்படி வைத்து, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீரை விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பார்கள். அந்தச் சொட்டு இருந்த இடத்தில் கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்திருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. இதை நான் முதல்முறை பக்கத்தில் நின்று பார்த்தபோது, வெளியே குறையே இல்லாத ஒரு வாட்ச்சில் மிளகளவு வெண்மூட்டம் தோன்றி மெல்ல மறைந்தது. அன்றிலிருந்து யார் வாய்ச்சொல்லையும் நம்பி நான் தண்ணீரில் இறங்குவதில்லை.

சோதனையில் தேறினால் நீந்துங்கள். வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதியுங்கள். அப்புறம் சாவியை முடுக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் மெல்ல எதிர்ப்பக்கம் திருப்பி, மரை 'டக்' என்று உட்காருவதை விரலில் உணர்ந்த பிறகு முன்பக்கம் திருகுங்கள். அவசரத்தில் கோணலாக முடுக்கி மரை தேய்ந்த வாட்ச்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. வாங்கும்போதும் சாவியை நான்கைந்து முறை திறந்து மூடிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 1980-களில் வந்த டைவ் வாட்ச் ஒன்றைப் பார்த்தேன். டயலில் உள்ள புள்ளிகள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன, விளக்கை அணைத்தால் பச்சையாகப் பளிச்சென்று ஒளிர்கின்றன. இவ்வளவு நன்றாக இருப்பது அதிர்ஷ்டம்தானே?

அந்த ஒளிதான் உங்களை நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டும். அந்தக் காலத்து நல்ல டைவ் வாட்ச்களில் பெரும்பாலும் ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சுதான் இருந்தது. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 ஆண்டுகள். நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதோடு சேர்ந்து ஒளி தரும் பூச்சும் சோர்ந்துவிடும். ஆகவே தொடப்படாத பழைய டயல் ஒன்று இருட்டில் கண்ணுக்கே தெரியாது. டார்ச் அடித்தால் சில நொடி மங்கலாக மினுங்கி அணைந்துவிடும். பகலில் அந்தப் புள்ளிகள் பாலாடை நிறத்திலோ, இளமஞ்சளிலோ, பழுப்பிலோ இருக்கும்.

நிமிடக்கணக்கில் பச்சையாக ஒளிர்வது, வெளிச்சத்தை வாங்கி வைத்து ஒளிரும் லூமினோவா வகைப் பூச்சு. அது 1990-களில் வந்தது. ஆகவே நீங்கள் பார்த்த வாட்ச்சில் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். சர்வீஸின்போது கம்பெனியே புது டயலும் முள்ளும் மாற்றியிருக்கலாம். அல்லது யாரோ பழைய டயலில் புதிதாகப் பூச்சு வைத்திருக்கலாம். லென்ஸ் வைத்து 6 மணிக்குக் கீழே டயலின் விளிம்பைப் பாருங்கள். 'சுவிஸ்' என்ற சொல்லோடு 'டி' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால் அது ட்ரிட்டியம் டயல். அந்த எழுத்தும் இருந்து பச்சையாகவும் ஒளிர்ந்தால், பூச்சு பின்னால் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். டயல் புள்ளிகளும் முட்களும் ஒரே நிறத்தில் பழுத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். முள் மட்டும் வெளுப்பாக இருந்தால் முள் மாறியிருக்கிறது.

இதில் ஏமாற்று இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. கம்பெனி மாற்றிய டயல் என்று விற்பவரே சொல்லி, அதற்கேற்ற விலை கேட்டால் அது நேர்மையான வியாபாரம். தினமும் கட்டுபவருக்கு அந்த வாட்ச்தான் வசதி, இரவில் மணி தெரியும். சேகரிப்பவருக்கு அதன் மதிப்பு நிச்சயம் குறைவு. தொடப்படாத டயலுக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. 1960-களின் தொடக்கத்துக்கு முந்தைய வாட்ச்களில் ரேடியம் இருக்கலாம். அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள், ஒளி போனாலும் கதிரியக்கம் போகாது. அந்த மாதிரி வாட்ச்சின் மூடியை வீட்டில் கழற்றாதீர்கள், டயலைச் சுரண்டவே கூடாது. உதிரும் தூள் மூச்சில் போகக்கூடியது.

கேள்வி: பெட்டியும் பேப்பரும் இல்லாத வாட்ச் விலை குறைவாகக் கிடைக்கிறது. ஆபத்தா?

பேப்பர், அதாவது வாட்ச்சோடு வந்த உத்தரவாதச் சீட்டு, இருந்தால் விலையும் நம்பிக்கையும் கூடும், உண்மைதான். ஆனால் பெட்டி, பேப்பர் இரண்டும் தனியாகவே விற்கப்படுகின்றன, போலியாகவும் வருகின்றன. பேப்பரில் உள்ள எண்ணும் வாட்ச்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்காதவரை அந்தப் பேப்பரால் பயனில்லை. 16610 மாதிரி வாட்ச்களில் பெரும்பாலும் செயினைக் கழற்றினால்தான் எண் தெரியும்: 12 மணிப் பக்கம் மாடல் எண், 6 மணிப் பக்கம் சீரியல் எண். கழற்றிக் காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். திருட்டுப் போன வாட்ச்களின் எண்களைத் தொகுத்து வைத்திருக்கும் 'வாட்ச் ரெஜிஸ்டர்' போன்ற பதிவகங்களில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

பின்மூடியைத் திறந்து மெஷினைப் பார்ப்பதும் கட்டாயம். இப்போது வரும் போலிகள் வெளித்தோற்றத்தில் அசலோடு போட்டி போடுகின்றன, சிலவற்றில் மெஷினையே நகல் எடுத்திருக்கிறார்கள். இதைவிட நழுவலான வகை ஒன்று உண்டு: கேஸ் ஒரு வாட்ச்சிலிருந்து, டயல் இன்னொன்றிலிருந்து, முள் மூன்றாவதிலிருந்து. எல்லாமே அசல் உதிரிகள், ஆனால் மொத்தத்தில் அப்படி ஒரு வாட்ச்சைக் கம்பெனி செய்யவே இல்லை. இதைப் பிடிக்க அந்த மாடல் பற்றிய படிப்புதான் உதவும். படிக்காமல் சந்தேகப்பட்டாலும் தப்பாகிவிடும். பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழலும் வளையம்) இரு பக்கமும் சுற்றுகிறதே, போலியோ என்று ஒருவர் நல்ல வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சப்மரைனர் 5513 போன்ற பழைய மாடல்களில் பெசல் இரு பக்கமும்தான் சுற்றும்.

என்னைக் கேட்டால், பெட்டியைவிடப் பழைய சர்வீஸ் ரசீதுகள் மேல். எந்த வருடம், என்ன மாற்றினார்கள் என்று அவற்றில் இருக்கும்.

கேள்வி: ஹீலியம் வால்வு இருக்கும் மாடலைத்தான் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கடலடியில் அழுத்த அறைகளில் நாள்கணக்கில் தங்கி வேலை செய்பவர்களுக்கான வசதி அது. அங்கே சுவாசிக்கும் ஹீலியம் வாட்ச்சுக்குள் புகுந்து, மேலே வரும்போது கண்ணாடியைத் தள்ளாமல் வெளியேற வழி செய்கிறது. 1967-இல் ரோலக்ஸ் சீ-டுவெல்லர் இதற்காகவே வந்தது. நீச்சலுக்கோ சாதாரண டைவிங்குக்கோ அதற்கு வேலையே இல்லை.

கேள்வி: வாங்கிய வாட்ச்சைச் சனி, ஞாயிறு மேஜையில் வைத்தால் திங்கள் காலை நின்றுபோயிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆட்டோமேட்டிக் வாட்ச் கை அசைவில்தான் முறுக்கேறும். பழைய மெஷின்கள் கழற்றி வைத்தால் 40 மணி நேரத்தை ஒட்டித்தான் ஓடும், புதியவற்றில் பல 70 மணி வரை போகும். சாவியைத் திறந்து முப்பது, நாற்பது சுற்று கொடுத்து முழுதாக முறுக்கேற்றி, அதன்பின் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். 40-க்குப் பதில் 25-இலேயே நின்றால் சர்வீஸ் தேவை.

மெஷினின் துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்துப் பார்ப்பது இன்னும் தெளிவு. முழு முறுக்கில், டயல் மேலே பார்க்கும்படி வைத்தால் ஆம்பிளிடியூட், அதாவது உள்ளே ஊசலாடும் சக்கரத்தின் வீச்சு, 270 டிகிரியை ஒட்டியோ மேலேயோ இருப்பது நல்லது. 220-க்குக் கீழே போனால் எண்ணெய் காய்ந்திருக்கும். இந்த வீச்சைக் கணக்கிட உதவும் லிஃப்ட் ஆங்கிள் என்ற கோணத்தைக் கருவியில் அந்த மெஷினுக்கு ஏற்ப வைக்கச் சொல்லுங்கள்: ரோலக்ஸ் 3135 மெஷினுக்கு 52 டிகிரி, ஒமேகா கோ-ஆக்சியல் மெஷினுக்கு வேறு. இதைத் தப்பாக வைத்தால் நல்ல மெஷினும் நோயாளி மாதிரி தெரியும். தேதி இருக்கும் மாடல் என்றால், இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணிவரை தேதியைக் கையால் மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் பற்சக்கரங்கள் பிடித்திருக்கும், பல் உடையலாம்.

கேள்வி: தூரத்தில் இருக்கும் தனிநபரிடம் வாங்குகிறேன். நேரில் பார்க்க வழியில்லை.

ஒரு நேரத்தை நீங்கள் சொல்லுங்கள், 4.37 என்று வைத்துக்கொள்வோம். முட்களை அந்த நேரத்தில் நிறுத்தி, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாளோடு படம் கேளுங்கள். வாட்ச் கையில் இல்லாதவரால் அதை எளிதில் அனுப்ப முடியாது. பிறகு எழுத்தில் வாங்குங்கள்: மாடல் எண், சீரியல் எண், மாற்றிய உதிரிகள், பாலிஷ் போட்டதா, கடைசி சர்வீஸ் எப்போது, எத்தனை நாளுக்குள் திருப்பலாம். "எனக்குத் தெரிந்தவரை ஒரிஜினல்" என்ற வரியை ஏற்காதீர்கள். பணத்தை நேராக அவர் கணக்குக்கு அனுப்பாமல், நீங்கள் வாட்ச்சைச் சோதிக்கும்வரை நடுவில் நிறுத்தி வைக்கும் சேவை வழியாகக் கொடுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், இன்னொரு வாட்ச் வரும்.

கேள்வி: பழைய டைவ் வாட்ச் வாங்கிவிட்டேன். கீறல் நிறைய. சர்வீஸுக்குக் கொடுத்துப் புதிதுபோல் ஆக்கலாமா?

தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். நான் முதலில் வாங்கிய பழைய டைவ் வாட்ச்சின் டயல் புள்ளிகள் தேன் நிறத்தில் பழுத்திருந்தன, பெசல் சாம்பல் நீலமாக வெளுத்திருந்தது. மெஷினைச் சுத்தம் செய்தால் போதும் என்று நினைத்து ஓரிடத்தில் கொடுத்தேன், ஆனால் அதை வாயால்கூடத் தெளிவாகச் சொல்லவில்லை. ஆறு வாரம் கழித்துப் புது டயல், புது முள், புது பெசல், பளபளவென்ற கேஸ் திரும்பி வந்தது. செயின் மாட்டும் இடத்தில் கேஸின் காதுகளில் இருந்த கூரான சரிவு பாலிஷில் கரைந்து, சோப்புக்கட்டி போல் உருண்டிருந்தது. பழைய டயலைக் கேட்டேன், உதிரிகளை அழித்துவிட்டோம் என்றார்கள். அவர்கள் வழக்கப்படி நல்ல வேலைதான் செய்திருந்தார்கள், மணி துல்லியமாக ஓடியது. ஆனால் நான் ஆசைப்பட்டு வாங்கிய வாட்ச் போய்விட்டது.

எஃகைத் தேய்த்து எடுத்தால் திரும்ப வைக்க முடியாது. அதனால் மெஷினையும் வாஷர்களையும் தயங்காமல் கவனிக்கச் சொல்லுங்கள், அதில் மதிப்பு குறையாது. வேலைச் சீட்டிலேயே மூன்று வரி எழுத வைத்துக் கையெழுத்து வாங்குங்கள்: பாலிஷ் வேண்டாம், டயல், முள், பெசல் மாற்ற வேண்டாம், கழற்றும் எந்த உதிரியும் என்னிடம் திரும்ப வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டர் இதற்கு ஒப்பாவிட்டால், பழைய வாட்ச் வேலையில் தேர்ந்த தனி மெக்கானிக்கைத் தேடுங்கள். கொடுக்கும் முன் டயலையும் காதுகளையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் நீந்தக் கட்டப்போகும் வாட்ச் என்றால், தேய்ந்த சாவியையும் அதன் குழாயையும் மட்டும் மாற்றச் சம்மதியுங்கள், பழையதை ஒரு சின்னப் பையில் போட்டு வாட்ச் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.